வால் முளைத்த சொல்



ஆங்கிலத்தில் ‘கர்ட்டெயில்’ என்று ஒரு சொல் வழங்குகிறது. மும்பை, தில்லி, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களில் பணிபுரியும் நம்மவர் பலர் அச்சொல்லை அடிக்கடி காண்பர். ‘செலவைக் கர்ட்டெயில் செய்க’ என்று சுற்றறிக்கை வரும். விடுப்பில் ஊருக்குச் சென்றவருக்கு, ‘விடுப்பு கர்ட்டெயில் செய்யப்பட்டது; உடனே பணிக்குத் திரும்புக’ என்று ஆணை வரும். ‘குடிமக்களின் உரிமையைக் கர்ட்டெயில் செய்யலாகாது’ என்று வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதிடுவர். ஒன்றை அது சென்று சேர வேண்டிய எல்லைக்கு முன்பே வெட்டி நிறுத்துதல் என்பதே இதன் பொருள்.

அயல்மொழிச் சொல் ஒன்றின் பிறப்பை ஆராய்வதால் நமக்கு ஆவது என்ன என்று கேட்கலாம். வேற்று மொழியார் நடுவே வாழும் தமிழருக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. ‘இந்தச் சொல் எங்கள் மொழியிலிருந்து உங்களுக்கு வந்தது’ என்று அண்டை வீட்டார் கூறுவர். ‘இல்லை, அது எங்களிடமிருந்து உங்களுக்குச் சென்றது’ என்று நாம் மறுமொழி கூறுவோம். இத்தகைய வழக்கு உணவு விடுதியிலும் எழும், புகைவண்டியிலும் எழும். யார் கூறுவது மெய் என்று துணிவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை விளக்குவதற்குக் கர்ட்டெயில் என்னும் இச்சொல்லைப் போல ஏற்ற சான்று வேறு கிடைப்பது அரிது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒன்றைச் சிறிதாக்குவதற்குத் தமிழில் சொற்கள் பல உள. அவை எல்லாம் ஒன்றல்ல. சுருக்குதல் என்பது ஒரு வகை. நீண்ட கதையைச் சுருக்கிச் சொன்னால் கதை முழுதும் இருக்கும். அளவு மட்டுமே சிறுகும். குறைத்தல் என்பது மற்றொரு வகை. அதில் இருந்தது ஒரு பகுதி இல்லாமற் போகும். நறுக்குதல், கத்தரித்தல் என்பன கருவி கொண்டு செய்வன. தறித்தல் என்பது மரத்தையும் கிளையையும் துண்டுபட வெட்டுதல். மட்டுப்படுத்துதல் என்பது மீறாதபடி ஓர் எல்லைக்குள் நிறுத்துதல்.

கர்ட்டெயில் என்பதற்குச் சுருக்குதல் என்று மொழிபெயர்ப்பாரும் உளர். அது பொருந்துவதில்லை. சுருக்கத்தில் இழப்பு இல்லை; கர்ட்டெயில் என்பதில் இழப்பு உண்டு. வர வேண்டியது வாராமல் நின்றுவிட்டது என்னும் குறிப்பு அதில் அடங்கியிருக்கிறது. இவ்வேற்றுமையை நம் பெயர்களிலேயே காணலாம். சுப்பிரமணியனை வீட்டில் ‘மணி’ என்று அழைப்பது சுருக்கம். அன்பு காரணமாக நாமே இட்டுக் கொண்டது அது. அயல் மாநிலத்து அலுவலகத்தில் படிவத்தின் கட்டம் போதாமல், அப்பெயரின் பின்பாதியை எழுத்தர் விட்டுவிட்டால் அது குறைப்பு. ஆகவே, செலவைக் குறைத்தல், விடுப்பை இடையில் முடித்தல், உரிமையை மட்டுப்படுத்துதல் என்று இடத்துக்கு ஏற்பச் சொல்லைத் தேர்ந்துகொள்வதே முறை.

இனி, இச்சொல்லின் பிறப்புக்கு வருவோம். கர்ட்டெயில் என்று சொல்லும்போதே அதன் இறுதியில் ‘டெயில்’ என்பது தெளிவாகக் கேட்கிறது. டெயில் என்றால் வால். ஆகவே வாலை வெட்டுதல் என்பதே சொல்லின் முதற்பொருள் என்று எவரும் எண்ணுவர். அவ்வாறு எண்ணியவர்கள் ஒரு கதையையும் கட்டினர். இங்கிலாந்தின் பழைய அரசர்கள் தங்கள் வேட்டைக் காடுகளில் பிறர் வேட்டையாடாதபடி சட்டம் வகுத்தனராம். வேட்டையுரிமை இல்லாத எளிய குடிகள் வளர்த்த நாய்களின் வாலை அச்சட்டப்படி வெட்டினராம். வால் வெட்டப்பட்ட அந்த நாயிலிருந்தே கர்ட்டெயில் என்ற சொல்லும், இழிந்த நாயைக் குறிக்கும் ‘கர்’ என்ற சொல்லும் பிறந்தனவாம்.

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆயினும் வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 1217-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான காட்டுரிமைச் சாசனம், காட்டை அடுத்து வாழ்வோரின் நாய்களுக்குச் செய்ய வேண்டியது இன்னதென்று கூறுகிறது. அது பேசுவது முன்னங்காலைப் பற்றியது, வாலைப் பற்றியதன்று. அரசனுடைய மான்களைத் துரத்திப் பிடிக்க முடியாதபடி முன்னங்காலின் நகங்களை வெட்டுவதே அந்நாளைய வழக்கம். வாலை வெட்டினால் நாயின் ஓட்டம் நின்றுவிடுமா? நில்லாது. ‘கர்’ என்னும் சொல்லோ நாயின் உறுமல் ஒலியிலிருந்து தோன்றியது என்றே அறிஞர் கருதுகின்றனர்.

உண்மை வரலாறு வேறு. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘கர்ட்டல்’ என்றொரு சொல் வழங்கிற்று. கர்ட்டெயில் அன்று, கர்ட்டல். வால் வெட்டப்பட்ட குதிரைக்கு அது பெயர். அந்நாளில் குதிரையின் வாலை அடியோடு ஒட்ட வெட்டிவிடும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. கடிவாள வாரிலும் வண்டியின் பூட்டுக் கயிற்றிலும் வால் சிக்காமல் இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பது மற்றொரு காரணம். வெறும் மயிரை மட்டும் கத்தரிப்பதன்று. வாலின் எலும்பையே துணிப்பது. இக்கொடுமையைத் தடுத்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது 1949-ஆம் ஆண்டில்தான்.

இந்தக் கர்ட்டல் என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. பிரெஞ்சில் அதன் பழைய வடிவம் ‘கூர்த்தோ’ என்பது. அதன் முற்பகுதியாகிய ‘கூர்’ என்பதற்குக் குட்டையானது என்று பொருள். பிற்பகுதி, ஜெர்மானிய மொழியிலிருந்து வந்த விகுதி. சிறிது இகழ்ச்சிக் குறிப்பும் உடையது. கூர் என்பது லத்தீன் மொழியின் ‘குர்த்துஸ்’ என்பதிலிருந்து வந்தது. குர்த்துஸ் என்றால் வெட்டப்பட்டது, குறைபட்டது என்று பொருள். ஆக, லத்தீனில் குர்த்துஸ், பிரெஞ்சில் கூர்த்தோ, ஆங்கிலத்தில் கர்ட்டல் என்று சொல் படிப்படியாக வந்த வழி தெளிவாகத் தெரிகிறது. இவ்வழியில் எங்கும் வாலைக் குறிக்கும் டெயில் என்னும் சொல் இல்லை.

அப்படியானால் வால் எப்போது முளைத்தது? கர்ட்டல் குதிரை என்றும், கர்ட்டல் நாய் என்றும் மக்கள் வழங்கினர். கண்ணெதிரே நிற்பது வாலில்லாப் பிராணி. அதன் பெயரின் இறுதியிலோ ‘டல்’ என்று ஓர் ஒலி. அதற்குப் பொருள் விளங்கவில்லை. வாலைக் குறிக்கும் டெயில் என்பதே இப்படித் திரிந்து ஒலிக்கிறது என்று அவர்கள் கருதிக் கொண்டனர். சிறிது சிறிதாக எழுத்தும் அக்கருத்துக்கு ஏற்ப மாறியது. கர்ட்டல் என்பது கர்ட்டெயில் ஆயிற்று. வால் அற்ற குதிரையின் பெயருக்கு மக்கள் தாமே ஒரு வாலை ஒட்டிவிட்டனர்.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இவ்விரு வடிவங்களையும் காணலாம். அவருடைய நாடகம் ஒன்றில் முதிய பிரபு ஒருவர் தம் குதிரையைக் கர்ட்டல் என்றே குறிப்பிடுகிறார். மூன்றாம் ரிச்சர்டு நாடகத்தின் தொடக்கத்தில், உடற்குறை உடைய குளஸ்டர் கோமகன் தன் வடிவம் குறைக்கப்பட்டதைச் சொல்லுமிடத்தில் இதன் வினைவடிவம் வருகிறது. அங்கே செய்யுளின் ஓசையை நோக்கினால் சொல்லின் முதலசையே அழுத்தம் பெறுகிறது. இன்று ஆங்கிலேயர் இரண்டாம் அசையை அழுத்திச் சொல்கின்றனர். வால் ஒட்டிய பிறகு, ஓசையின் அழுத்தமும் அந்த வாலுக்கே சென்றுவிட்டது.

டாக்டர் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியிலேயே இவ்வுண்மை குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய வடிவம் கர்ட்டல் என்பதையும், வால் வெட்டிய நாய்களுக்கு அப்பெயர் வழங்கியதால் வாலை வெட்டுதலே சொல்லின் மூலப்பொருள் என்று பாமரர் எண்ணியதையும், அந்த எண்ணத்துக்கு ஏற்ப எழுத்து மாறியதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். ஆயினும் அகராதி உண்மையைச் சொன்னதனால் வழக்கு மாறிவிடவில்லை. கர்ட்டெயில் என்பதே நிலைத்துவிட்டது. வழக்கில் நிலைத்த சொல்லைப் பிழை என்று தள்ளுதல் ஆகாது. அது வந்த வழியை மட்டும் மறத்தல் ஆகாது.

இங்கே மற்றொரு செய்தியையும் கூறலாம். ‘டெயில்’ என்ற ஒலி வரும் இடமெல்லாம் வால் இருப்பதில்லை. துணி தைப்பவரை டெயிலர் என்கிறோம். சில்லறை வாணிகத்தை ரீடெயில் என்கிறோம். நுட்பமான விவரத்தை டீடெயில் என்கிறோம். இம்மூன்றிலும் உள்ளது வெட்டுதல் என்னும் பொருளுடைய ‘தாயே’ என்ற பிரெஞ்சு வினை. துணியை வெட்டுபவர் டெயிலர். மொத்தச் சரக்கைத் துண்டு துண்டாக்கி விற்பது ரீடெயில். ஒன்றைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டுவது டீடெயில். கர்ட்டல் என்பது கர்ட்டெயில் ஆனதற்கு இந்தப் பிரெஞ்சு வினையும் ஓரளவு துணைசெய்திருக்கலாம் என்பர்.

பொருள் விளங்காத ஒலியைப் பொருள் விளங்கும் ஒலியாக மாற்றிக்கொள்வது மக்கள் இயல்பு. இதற்கு நம் சென்னை நகரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் என்னும் அகராதியில் அதனைக் காணலாம். சென்னையில் ஹாமில்டன் என்பவர் பெயரால் ஒரு பாலம் இருந்தது. ஹாமில்டன் என்ற ஒலி நம் மக்களுக்குப் பொருள் தரவில்லை. அந்நாளில் முடிதிருத்துவோருக்கு வழங்கிய பெயரோ செவிக்குப் பழகியது. ஆகவே அப்பாலம் ‘அம்பட்டன் வாராவதி’ ஆயிற்று. பின்னர் வந்த ஆங்கிலேயர், அதனை அப்படியே மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்று தங்கள் மொழியில் எழுதிக்கொண்டனர். ஹாமில்டன் மறைந்தார், முடிதிருத்துவோர் ஒருவர் பாலம் கட்டியதாக நிலைபெற்றது. கர்ட்டல் குதிரைக்கு வால் முளைத்ததும் இவ்வாறுதான்.

இதுவரை ஆங்கிலத்தைப் பேசினோம். இனி, நம்மைப் பற்றிய பகுதிக்கு வருவோம். லத்தீன் குர்த்துஸ் என்ற சொல்லைக் கேட்டவுடனே தமிழருடைய செவியில் ஒரு சொல் வந்து நிற்கும். அதுவே ‘குறு’ என்பது. குறுமை, குறுகுதல், குறுக்கம், குறில், குறள், குறை என்று தமிழில் எத்தனை சொற்கள்! எல்லாம் குட்டையானது, சிறியது, குறைந்தது என்னும் பொருளைத் தருவன. பழந்தமிழில் குறைத்தல் என்பதற்கு வெட்டுதல் என்ற பொருளே உண்டு. ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. ஆகவே குர்த்துஸ் தமிழிலிருந்து சென்றது, கர்ட்டெயில் தமிழ்ச் சொல்லே என்று முடிவு கட்ட ஆசை எழுவது இயல்பு.

அந்த ஆசையைச் சிறிது நிறுத்தி, மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். முதற்கேள்வி: சொல்லின் பழைய வடிவம் யாது? இரண்டாவது: அது ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சென்ற வழி யாது? மூன்றாவது: அச்சொல் ஒன்று மட்டும் ஒத்திருக்கிறதா, அன்றிச் சொற்கூட்டமே ஒரே முறையாக ஒத்திருக்கிறதா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் உறவு உண்டு எனலாம். கிடைக்கவில்லை என்றால், ஒலி ஒப்புமை வெறும் தற்செயல் என்றே கொள்ள வேண்டும்.

முதற்கேள்வியைப் பார்ப்போம். குர்த்துஸ் என்பதற்கு ஐரோப்பாவில் உறவினர் பலர். ஆங்கிலத்தின் ‘ஷார்ட்’ என்ற சொல்லும், நாம் உடுத்தும் ‘ஷர்ட்’ என்பதும், பெண்கள் உடுத்தும் ‘ஸ்கர்ட்’ என்பதும் வெட்டுதல் என்னும் பொருளுடைய ஒரே தொல்வேரிலிருந்து கிளைத்தவை என்று ஒப்பியல் அறிஞர் காட்டுவர். இவற்றில் பலவற்றின் முதலில் ‘ஸ்’ என்னும் ஒலி நிற்பதைக் காண்க. அவ்வேரின் பழைய வடிவத்திலேயே அவ்வொலி இருந்திருக்கிறது. நம் குறு என்னும் வேருக்கோ எந்தத் திராவிட மொழியிலும் அத்தகைய முன்னொலி இல்லை. பழைய வடிவத்தை நோக்கி மேலே செல்லச் செல்ல, இரு சொற்களும் நெருங்காமல் விலகுகின்றன.

இரண்டாம் கேள்வி, வழியைப் பற்றியது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் உண்மையிலேயே உள. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆயிற்று. சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று. மிளகுத் தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆயிற்று. அணைக்கட்டு ‘அனிகட்’ என்று பொறியாளர் ஏட்டில் ஏறியது. இவற்றை எடுத்துச் சென்றவர் யார், எக்காலத்தில், எந்தப் பண்டத்தோடு என்பன எல்லாம் தெரிகின்றன. கடலோரத்திலே பொருளைக் கண்டு, பொருளோடு பெயரையும் வணிகர் கொண்டு சென்றனர். குறு என்னும் பண்புச் சொல்லை எந்தக் கப்பல் ரோமாபுரிக்குக் கொண்டு சென்றது? அதற்குச் சான்று இல்லை.

காசு என்ற சொல்லின் கதை இதனை நன்கு விளக்கும். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. சிறு நாணயத்தைக் குறித்த கேஷ் என்பது நம் காசு. போர்த்துக்கீசியர் வாய்வழியாக ஆங்கிலேயரிடம் சென்றது. 1818 வரையில் சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அக்கணக்கில் வழங்கிய கேஷ் தமிழே. ரொக்கம் என்ற பொருளில் இன்று வழங்கும் கேஷ் என்பதோ அதுவன்று. அது பெட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணப்பெட்டி, பின்னர் பெட்டியிலுள்ள பணம் என்று பொருள் நகர்ந்தது. ஒலி முற்றும் ஒன்றே, பொருளும் அண்மையதே. எனினும் ஒன்று நம்முடையது, மற்றொன்று நம்முடையதன்று.

வட மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இன்னொரு சான்று கூறலாம். கெட்ட பெயரைப் ‘பத்நாம்’ என்று இந்தியில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் ‘பத்’ என்பது பாரசீகச் சொல். கெட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் ‘பேட்’ என்பதற்கும் அதே பொருள். இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பாரசீகமும் ஆங்கிலமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். இருந்தும் இவ்விரு சொற்களுக்கும் யாதோர் உறவும் இல்லை என்பது மொழியறிஞர் துணிபு. ஒரே குடும்பத்திலேயே தற்செயல் ஒப்புமை இவ்வாறு ஏமாற்றுமானால், வேறு குடும்பங்களுக்கு இடையே எவ்வளவு விழிப்பு வேண்டும்!

மூன்றாம் கேள்வியே எல்லாவற்றினும் முதன்மையானது. உண்மையான உறவு ஒரு சொல்லோடு நில்லாது. முறையாகப் பல சொற்களில் தோன்றும். பெங்களூரில் வாழ்கிறவர்கள் இதனைக் கடைத்தெருவிலேயே கேட்கலாம். நம் பால் அங்கே ஹாலு. நம் பத்து அங்கே ஹத்து. நம் புலி அங்கே ஹுலி. நம் பல் அங்கே ஹல்லு. தமிழில் சொல்லின் முதலில் பகரம் வரும் இடங்களில் கன்னடத்தில் ஹகரம் வருகிறது. பழங்கன்னடத்திலே அவை பகரத்தோடேயே இருந்தன என்பதும் நூல்களால் தெரிகிறது. ஐதராபாத்தில் வாழ்வோர், நம் ஏழு அங்கே ஏடு என்றும், நம் கோழி அங்கே கோடி என்றும் வழங்குவதை அறிவர். நம் ழகரம் நின்ற இடத்தில் தெலுங்கில் டகரம் வருகிறது. இத்தகைய ஒழுங்கே உறவுக்குச் சான்று.

இந்த ஒழுங்கைத் துணையாகக் கொண்டே கால்டுவெல் 1856-ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். பர்ரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961-இல் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டு, 1984-இல் அதனைத் திருத்திப் பெருக்கினர். குறு என்னும் சொல்லின் உண்மையான சுற்றத்தாரை இவ்வகை ஆராய்ச்சியால் அறிகிறோம். மலையாளத்தில் சிறிதளவைக் ‘குறச்சு’ என்பர். தெலுங்கில் குட்டையானதைக் ‘குருச’ என்பர். குறைபாட்டைக் ‘கொரத’ என்பர். கன்னடத்தில் அதே குறைபாடு ‘கொரதெ’ எனப்படும். குறுவின் உடன்பிறப்பைத் தேடி ரோமாபுரி வரை செல்ல வேண்டுவதில்லை. அடுத்த வீட்டிலேயே அது இருக்கிறது.

இனி, வியப்பான ஒரு செய்தி. ஒலியால் நெருங்கிய குறு என்பது உறவன்று என்று கண்டோம். ஆனால் ஒலியால் அவ்வளவு நெருக்கம் தோன்றாத மற்றொரு வீட்டுச் சொல், கர்ட்டெயில் என்பதற்குத் தொலைவான உறவாக இருக்கக்கூடும். அது கத்தரி. வடமொழியில் வெட்டுதலைக் குறிக்கும் வேர் ஒன்றிலிருந்து கர்த்தரீ என்ற சொல் பிறந்தது. அதற்குக் கத்தரிக்கோல் என்று பொருள். அவ்வடமொழி வேரும் லத்தீன் குர்த்துஸும் ஒரே தொல்வேரிலிருந்து வந்தவை. நம் கத்தரி என்பது அந்தக் கர்த்தரீயின் தமிழ் வடிவம் என்று அகராதியாளர் பலர் கொள்கின்றனர்.

இச்சொல்லின் சுற்றத்தை நீங்கள் வாழும் மாநிலங்களில் எல்லாம் கேட்கலாம். மராத்தியில் கத்தரிக்கோல் ‘காத்ரி’. குஜராத்தியில் ‘காதர்’. கன்னடத்தில் ‘கத்தரி’, தெலுங்கில் ‘கத்தெர’, மலையாளத்தில் ‘கத்ரிக’. இந்தியில் கருவிக்குத் துருக்கி மொழியிலிருந்து வந்த ‘கைஞ்சி’ என்ற பெயர் வழங்குகிறது. ஆயினும் கத்தரித்தலைக் ‘கதர்னா’ என்றும், கத்தரித்து எடுத்த துணித்துண்டைக் ‘கதரன்’ என்றும் கூறுவர். வடக்கும் தெற்கும் பகிர்ந்துகொண்ட சொல் இது. தையற்காரர் கையிலுள்ள கத்தரியும், மேலிடத்து ஆணையிலுள்ள கர்ட்டெயிலும் இவ்வழியால் ஒரு பழைய வேருக்குச் செல்கின்றன. ஒலியை மட்டும் நம்பினால் இந்த உறவை நாம் கண்டிருக்க மாட்டோம்; குறுவைப் பிடித்துக்கொண்டு கத்தரியை விட்டிருப்போம்.

உறவும் இல்லாமல், ஒலியும் ஒவ்வாமல், கருத்தால் மட்டும் ஒத்து நிற்கும் தமிழ்ச் சொல் ஒன்றும் உண்டு. கர்ட்டல் என்பதற்கு மிகப் பொருத்தமான தமிழ் எது என்று கேட்டால் ‘கூழை’ என்பதையே சொல்ல வேண்டும். குட்டையாக, நுனி குறைந்து நிற்பதற்குக் கூழை என்று பெயர். குறுகிய வாலைக் கூழைவால் என்பது தமிழ் வழக்கு. ஆங்கிலேயர் வால் வெட்டிய குதிரையைக் கர்ட்டல் என்றதும், தமிழர் வால் குறைந்த பிராணியைக் கூழை என்றதும், ஒருவரை ஒருவர் கேட்டுச் சொன்னவை அல்ல. கண்ட காட்சி ஒன்று. அதனால் தோன்றிய கருத்தும் ஒன்று.

ஆனால் தமிழர் அச்சொல்லை வாலோடு விட்டுவிடவில்லை. இலக்கணத்துக்குள்ளும் கொண்டு சென்றனர். அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையைக் கற்றவர் கூழை மோனை, கூழை எதுகை என்பவற்றை அறிவர். நான்கு சீர் கொண்ட ஓரடியில் நான்கு சீரிலும் மோனை அமைந்தால் அது முற்று மோனை. முதல் மூன்று சீரில் அமைந்து, கடைசிச் சீரில் மட்டும் இல்லாமற் போனால் அது கூழை மோனை. வால் இருக்க வேண்டிய இடத்தில் வால் இல்லை, ஆகவே கூழை. எத்துணைப் பொருத்தமான பெயர்!

சொற்கள் குறைபடுவதற்கும் நம் இலக்கணத்தார் பெயரிட்டுள்ளனர். பவணந்தி முனிவரின் நன்னூல், செய்யுளில் சொல் தலையில் குறைதல், இடையில் குறைதல், கடையில் குறைதல் என்று மூன்றாகப் பகுக்கிறது. தாமரை ‘மரை’ என நின்றால் முதற்குறை. ஓந்தி ‘ஓதி’ என நின்றால் இடைக்குறை. நீலம் ‘நீல்’ என நின்றால் கடைக்குறை. குறைந்தது எவ்விடம், குறைவதற்கு முன் இருந்த முழுவடிவம் எது என்பதை மறவாமல் குறித்து வைத்தனர். தஞ்சாவூரைத் தஞ்சை என்றும், கோயம்புத்தூரைக் கோவை என்றும், திருநெல்வேலியை நெல்லை என்றும் வழங்கும்போதும், அவை மரூஉ என்று பெயரிட்டு, முழுப்பெயரை உடன் காட்டினர்.

மூலவடிவத்தை மறவாமை என்னும் இந்த ஒழுக்கமே சொல்லாராய்ச்சிக்கு உயிர். கர்ட்டல் என்னும் மூலவடிவத்தை மறந்ததால் ஆங்கிலேயர் வாலைக் கண்டனர். ஹாமில்டன் என்னும் மூலவடிவத்தை மறந்ததால் சென்னையார் வேறொருவரைக் கண்டனர். குர்த்துஸின் பழைய வடிவத்தை நோக்காமல் குறுவோடு இணைப்போமானால் நாமும் அதனையே செய்தவர்களாவோம்.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. நம் மொழியைப் பற்றி அயலார் அறிவது பெரும்பாலும் நம் வாய்மொழியால்தான். ஆங்கிலமும் லத்தீனும் தமிழின் பிள்ளைகள் என்று சான்றில்லாமல் ஒருவர் பெருமை பேசினால், கேட்பவர் முகத்துக்கு நேரே மறுக்கமாட்டார்; மனத்துக்குள் நகைப்பார். பின்னர் அதே தமிழர், கட்டுமரமும் சுருட்டும் அணைக்கட்டும் தமிழிலிருந்து சென்றவை என்று மெய்யையே சொன்னாலும், அதனையும் அவர் நம்பமாட்டார். பொய்யான ஒரு பெருமை, மெய்யான பத்துப் பெருமைகளைக் கெடுத்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பள்ளியில் அயல்மொழிகளைக் கற்று வரும் பிள்ளை, பெற்றோர் சொன்ன ஒரு சொற்கதை தவறு என்று நூலில் கண்டுவிட்டால், தமிழைப் பற்றி அவர்கள் சொன்ன எல்லாவற்றையுமே ஐயுறத் தொடங்கும்.

ஆகவே எளிய ஒரு பழக்கத்தை மேற்கொள்ளலாம். வீட்டில் ஓர் ஏட்டை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாழும் மாநிலத்து மொழியில், தமிழைப் போல ஒலிக்கும் ஒரு சொல்லைக் கேட்டால், அதனைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். அருகில் தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். அதே ஒலிமாற்றம் வேறு சொற்களிலும் வருகிறதா என்று தேடி அடுத்து எழுதுங்கள். பாலும் ஹாலுவும் போல ஐந்தாறு இணைகள் சேருமானால் உறவு உறுதிப்படும். ஒன்றே ஒன்றோடு நின்றுவிட்டால் அருகே ஒரு கேள்விக்குறி இட்டு விட்டுவிடுங்கள். அண்டை வீட்டாரையும் அழைத்து, அவர்கள் சொல்லையும் கேளுங்கள். வழக்காகத் தொடங்கும் பேச்சு, அப்போது இருவரும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியாக மாறிவிடும்.

கர்ட்டெயில் என்பது தமிழ்ச் சொல் அன்று. அதனால் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. குறுவும் கூழையும் கடைக்குறையும் தம் சொந்த வரலாற்றோடு நம்மிடம் இருக்கின்றன. குறு தன் உடன்பிறந்தாரோடு மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் வாழ்கிறது. கத்தரி, இமயம் முதல் குமரி வரை பல மொழிகளோடு பகிர்ந்துகொண்ட செல்வமாக நிற்கிறது. உள்ளதை உள்ளவாறு அறிந்து, உரியவரிடம் உரியதைச் சேர்த்துச் சொல்லும் நேர்மையே தமிழை அயலார் மதிக்கச் செய்யும்.